ஓடுபாதை தாண்டிய அரை நிமிடம்: சிறு விமான விபத்துகள் குறித்துக் கேள்வி பதில்

பயிற்சி விமானங்களைப் பராமரித்து ஓய்வுபெற்ற ஓசூர்ப் பொறியாளர் ஒருவர் கிருஷ்ணகிரி, தர்மபுரி வாசகர்களுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): ஐயா, 'மேலெழும்பிய சில நொடிகளில் விபத்து' என்றே அடிக்கடி படிக்கிறோமே, ஏன்?

அந்த நேரத்தில் விமானத்தின் கையிருப்பில் உயரமும் இல்லை, உபரி வேகமும் இல்லை. 5,000 அடியில் எஞ்சின் நின்றால் வயல் தேடவும், மறுபடி இயக்கிப் பார்க்கவும் சில நிமிடங்கள் கிடைக்கும். 300 அடியில் அரை நிமிடம் கிடைத்தாலே பெரிது.

கேள்வி (காவேரிப்பட்டினம்): ஓடுபாதை பின்னால்தானே இருக்கிறது? திரும்பி வந்து இறங்கிவிடலாமே?

இந்த ஆசைதான் பலரைக் கொன்றிருக்கிறது. எஞ்சின் நின்றதும் விமானி முதலில் செய்ய வேண்டியது மூக்கைக் கீழே தள்ளுவது. தரை எதிரே எழும்பி வரும்போது அதற்கு மனம் ஒப்பாது. கை தானாகப் பின்னால் இழுக்கும். நேராகப் பறக்கையில் மணிக்கு 90 கி.மீ. வேகத்துக்குக் கீழே போனால் தூக்குவிசையை இழக்கும் இறக்கை, உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பும்போது 107 கி.மீ.யிலேயே இழந்துவிடும். போதாக்குறைக்கு, எதிர்க்காற்றில் கிளம்பியவர் திரும்பியதும் அதே காற்று முதுகில் தள்ளும். தரை வேகமாக ஓடுவதைப் பார்த்து, வேகம் போதும் என்று நம்பி இன்னும் இழுப்பார். ஒரு இறக்கை சரியும், அவ்வளவுதான். நேர் எதிரே, இடமோ வலமோ சற்றே ஒதுங்கி, கேழ்வரகுக் கொல்லையில் இறங்கினால் விமானம் நொறுங்கலாம். ஆள் பிழைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி (ஊத்தங்கரை, கல்லூரி மாணவி): வெயிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நல்ல கேள்வி அம்மா. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. அங்கே 35 டிகிரி அடித்தால், வழக்கமாக 6,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் காற்று மெலிந்துவிடும். எஞ்சினின் வலு, புரொப்பெல்லரின் இழுவை, இறக்கையின் தூக்குவிசை மூன்றும் ஒருசேரக் குறையும். நான்கு இருக்கை இருக்கிறதே என்று நான்கு பேரையும் ஏற்றி, டேங்க்கையும் நிரப்பி நடுப்பகலில் கிளம்புவது வம்பை விலைக்கு வாங்குவது. (ஓசூர் குளுகுளு ஊர் என்பவர்கள் ஏப்ரலில் வந்து பார்க்கட்டும்.)

கேள்வி (பர்கூர்): எரிபொருளில் தண்ணீர் கலந்தால்?

கிளம்பும் முன் இறக்கைக்கு அடியில் உள்ள வடிகுழாயில் கண்ணாடிபோன்ற சிறு குப்பியைப் பொருத்திக் கொஞ்சம் வடித்துப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின் விமானங்களில் பெரும்பாலும் நிரப்பும் எரிபொருளுக்கு இளநீல நிறம். தண்ணீர் இருந்தால் குப்பியின் அடியில் நிறமற்ற முத்தாக உருளும். அது வராமல் நிற்கும்வரை வடிக்க வேண்டும். இரவு முழுக்கப் பாதி டேங்க்குடன் நிறுத்திய விமானத்தில் இதைத் தவறவிடவே கூடாது.

கேள்வி (தர்மபுரி): சஞ்சய் காந்தி இறந்த விபத்தும் இந்த வகையா?

இல்லை. 1980 ஜூன் 23 அன்று டெல்லியில் தாழ்வாகச் சாகசம் செய்தபோது நடந்தது அது. மீள்வதற்கு உயரம் போதவில்லை என்பது மட்டுமே பொது.

கேள்வி (சூளகிரி): சிறு விமானங்கள் பலவற்றில் கருப்புப் பெட்டி இல்லையாமே? காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

புரொப்பெல்லரே பாதிக் கதையைச் சொல்லும். எஞ்சின் முழு வலுவுடன் சுழலும்போது மோதியிருந்தால் தகடுகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு, முன்விளிம்பில் கீறல்களுடன் கிடக்கும். நின்றபின் மோதியிருந்தால் ஒரு தகடு நேராகவே இருக்க, மற்றது பின்னால் மடிந்திருக்கும். ஆகவே அருகில் விபத்து நடந்தால் ஆட்களை மீட்பதற்கு மேல் எதையும் நகர்த்தாதீர்கள். நினைவுக்கு ஒரு துண்டு என்று எடுத்துப் போகவும் வேண்டாம்.