டிஜிட்டல் கிற்றார் அம்ப்: ஸ்பீக்கரும் பவர் அம்பும் வாங்குமுன்

கேள்வி: லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டொம்ப் என்ற கிற்றார் மொடலரை அண்மையில் வாங்கினேன். ஹெட்போனில் மிக நன்றாகக் கேட்கிறது. ஆனால் இசைக்குழுப் பயிற்சிக்கு அதை எதில் இணைப்பது என்று தெரியவில்லை. ஒரு கடையில், ஸ்பீக்கரை இயக்கும் வலுவைத் தரும் பவர் அம்பும் 12 அங்குலக் கிற்றார் ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில், அடிச்சுரம் முதல் மேல்சுரம் வரை எல்லாவற்றையும் ஒலிக்கும், உள்ளேயே அம்ப் உள்ள முழுவீச்சு ஸ்பீக்கர் ஒன்று போதும் என்கிறார்கள். கோயில் திருவிழா, கலியாண மண்டபம் என்று நிகழ்ச்சிகள் செய்கிறோம். எதை வாங்குவது?
– சுன்னாகம் வாசகர்

பதில்: இரண்டு கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கிற்றாரின் ஒலி எதன் வழியாகச் சனத்திடம் போய்ச் சேர்கிறது என்பதை இருவருமே கேட்கவில்லை. அதற்கு விடை தெரியாமல் ஸ்பீக்கர் வாங்கக்கூடாது.

மொடலர் என்பது அம்பின் முன்பகுதியை மட்டும் போலச் செய்யும் கருவி அல்ல. பவர் அம்ப், ஸ்பீக்கர் பெட்டி, அந்தப் பெட்டியின் முன் வைக்கப்படும் ஒலிவாங்கி ஆகிய எல்லாவற்றையும் அது கணித்துத் தருகிறது. இவற்றில் ஸ்பீக்கர் பெட்டியின் பங்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கிற்றாருக்கென்று செய்யப்பட்ட ஸ்பீக்கர் ஏறத்தாழ 75 ஹேர்ட்ஸிலிருந்து 5000 ஹேர்ட்ஸ் வரைதான் ஒழுங்காக ஒலிக்கும். அதற்கு மேல் ஒலி சடுதியாக விழுந்துவிடும். டிஸ்டோர்ஷன் (கரகரப்பு) போட்ட கிற்றார் காதுக்கு இதமாக இருப்பதற்கு இந்த வடிகட்டல்தான் பெரும் காரணம். மொடலரில் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் பகுதியை, அதாவது பெட்டிப் போலியை, நிறுத்திவிட்டு முழுவீச்சு ஸ்பீக்கரில் வாசித்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கும். மாறாக, அந்தப் போலி ஓடிக்கொண்டிருக்கும்போதே உண்மையான கிற்றார் பெட்டியிலும் இணைத்தால் ஒரே வடிகட்டல் இருமுறை நடந்து, ஒலி மங்கிக் குழம்பிவிடும். கருவி சரியில்லை என்று விற்கப்படும் மொடலர்கள் சிலவற்றில் உண்மையான கோளாறு இந்த ஒரு சுவிட்ச்தான் என்பது என் ஐயம்.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. பெட்டிப் போலியை நிறுத்தி, பவர் அம்ப் வழியாகக் கிற்றார் பெட்டிக்குக் கொண்டுபோவது ஒன்று. போலியை வைத்துக்கொண்டே, எஃப்ஆர்எஃப்ஆர் என்று கடைகளில் சொல்லப்படும் முழுவீச்சு ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவது மற்றது. முதல் வழியில் காலருகே காற்றைத் தள்ளும் பழைய அம்பின் உணர்வு கிடைக்கும். ஆனால் மொடலருக்குள் எத்தனை பெட்டிகள் இருந்தாலும் காதில் விழுவது நீங்கள் வாங்கிய அந்த ஒரே பெட்டியின் குணம்தான். இரண்டாவது வழியில் நீங்கள் கேட்பதும் மிக்ஸருக்குப் போவதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

நம்மூரில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஒலியமைப்பை வாடகைக்குக் கொடுப்பவர்களே மிக்ஸரையும் பெரிய ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். உங்கள் மொடலரிலிருந்து ஒரு கேபிள் அவர்களின் மிக்ஸருக்குப் போனால் சனத்துக்கான வேலை முடிந்தது. மேடையில் உங்களுக்கு வேண்டியது உங்கள் வாசிப்பை நீங்களும் டிரம்ஸ் வாசிப்பவரும் கேட்பதற்கான ஒன்றுதான். அதற்குக் கிற்றார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பிறகு அதன் முன் ஒலிவாங்கி வைக்கச் சொல்லி ஒலியமைப்பாளருடன் வாதாடுவது வீண் சிரமம். எனவே உங்களுக்கு என் பரிந்துரை, உள்ளேயே அம்ப் உள்ள 10 அல்லது 12 அங்குல முழுவீச்சு ஸ்பீக்கர் ஒன்று. கைவசம் நல்ல கிற்றார் பெட்டி இருப்பவரும், பொது ஒலியமைப்பே இல்லாத சிறிய இடங்களில் வாசிப்பவரும் முதல் வழியில் போகலாம்.

இரண்டுக்கும் நடுவிலும் பொருட்கள் உள்ளன. லைன் 6 இன் பவர்காப், 2023 இல் ஃபெண்டர் வெளியிட்ட எஃப்ஆர்-10, எஃப்ஆர்-12 ஆகியவை பார்வைக்குக் கிற்றார் அம்பைப் போன்ற முழுவீச்சு ஸ்பீக்கர்கள். செலஸ்டியனின் எஃப்12-எக்ஸ்200 தனியாக விற்கப்படும் 12 அங்குல ஸ்பீக்கர். 200 வாட் தாங்கும். வழமையான கிற்றார் பெட்டிக்குள்ளேயே பொருந்தி முழுவீச்சில் ஒலிக்கும். நல்ல தச்சரிடம் 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் பெட்டி செய்விக்கக் கூடியவருக்கு இது கவனிக்கத்தக்க வழி; ஆனால் இதற்குப் பவர் அம்ப் தனியே வேண்டும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது உங்கள் மொடலரையும் உங்கள் கிற்றாரையுமே கொண்டுபோங்கள். டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கும் சத்தத்துக்கு ஏற்றி, தடித்த ஆறாம் தந்தியை உள்ளங்கையால் அமர்த்தி வாசியுங்கள். அந்தத் தந்தி திறந்த நிலையில் 82 ஹேர்ட்ஸில் ஒலிப்பது. பெட்டி பலவீனமானதென்றால் பலகை அதிர்வதோ காற்று இரைவதோ அங்கேயே தெரிந்துவிடும். பிறகு டிஸ்டோர்ஷனுடன் உயர்ந்த சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இரண்டு அடி நகருங்கள். ஒலியின் கூர்மை திடீரென்று மாறினால், மேடையில் நீங்கள் அசையும்போதெல்லாம் அது அப்படித்தான் மாறும்.

இன்னொன்று. வீட்டில் மெல்லிய சத்தத்தில் அமைத்த ஒலி மேடையில் அடிச்சுரம் பெருத்தும் மேல்சுரம் குத்தியும் கேட்டால், உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம். சத்தம் கூடும்போது அடியையும் மேலையும் நம் காது முன்னைவிடக் கூடுதலாகவே உணரும் என்பதை ஃபிளெச்சரும் மன்சனும் 1933 இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். மேடைச் சத்தத்தில் வைத்தே ஒலியை அமையுங்கள். 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழும், 6000 முதல் 8000 ஹேர்ட்ஸுக்கு மேலும் வெட்டிப் பாருங்கள். இது காசு செலவில்லாத வைத்தியம்.

கேள்வி: ஒரு ஸ்பீக்கரில் 2000 வாட் என்று எழுதியிருக்கிறது, விலை குறைவு. மற்றதில் 700 வாட்தான், விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. முதலாவதுதானே சத்தம் கூடியது?
– மானிப்பாய் வாசகர்

பதில்: அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் எண் பெரும்பாலும் கணப்பொழுது உச்சம். தொடர்ந்து தரக்கூடிய வலு அதன் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். கையேட்டில் 'ஆர்எம்எஸ்' அல்லது 'தொடர்' என்று குறிக்கப்பட்ட எண்ணைத் தேடி, இரண்டிலும் அதையே ஒப்பிடுங்கள்.

அப்போதும் வாட் மட்டும் சத்தத்தைச் சொல்லிவிடாது. வலுவை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர்வதற்கு ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வலு வேண்டும். கிற்றார் ஸ்பீக்கர்களில் இதைத் தெளிவாகக் காணலாம். செலஸ்டியன் விண்டேஜ் 30 இன் உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளக்கும் சத்தம், 100 டெசிபல். அதே நிறுவனத்தின் ஜி12டி-75 இன் உணர்திறன் 97 டெசிபல். முதலாவது 60 வாட்டும் இரண்டாவது 75 வாட்டும் தாங்குபவை. தாங்கும் எண்ணைப் பார்த்தால் இரண்டாவது பெரியது. ஆனால் விண்டேஜ் 30 க்கு 30 வாட் கொடுத்துப் பெறும் சத்தத்தை ஜி12டி-75 இல் பெற 60 வாட் கொடுக்க வேண்டும். பவர் அம்புக்குச் செலவழிப்பதற்கு முன் ஸ்பீக்கரின் இந்த எண்ணைப் பாருங்கள். அம்ப் உள்ள ஸ்பீக்கர்களில் அதற்கு ஈடானது உச்ச ஒலியழுத்தம் என்று டெசிபலில் கொடுக்கப்படும் அளவு. அதையும் உச்சத்துக்கு உச்சமாகவே ஒப்பிட வேண்டும்.

கேள்வி: என்னிடம் பழைய ரியூப் (வெற்றிடக் குழாய்) அம்ப் ஒன்று உள்ளது. முன்பகுதி பழுது. அதை மொடலருக்குப் பவர் அம்பாகப் பாவிக்கலாமா? ஸ்பீக்கர் பெட்டியில் 16 ஓம் என்று இருக்கிறது.
– குருநகர் வாசகர்

பதில்: பின்புறத்தில் 'எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்' என்ற துவாரம் இருந்தால் பாவிக்கலாம். அதில் இணைக்கும் ஒலி பழுதான முன்பகுதியைத் தொடாமல் நேரே பவர் அம்புக்குப் போய்விடும். பெட்டிப் போலியை நிறுத்துங்கள். ரியூப் பவர் அம்புக்குத் தன் சொந்த நிறம் இருப்பதால் மொடலரில் பவர் அம்ப் போலி இல்லாத வகையையும் முயன்று பாருங்கள்.

ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) விடயத்தில் ரியூப் அம்பும் ட்ரான்சிஸ்டர் அம்பும் ஒன்றல்ல. ரியூப் அம்பில் அம்பின் சுவிட்சும் பெட்டியின் ஓமும் பொருந்த வேண்டும். உங்கள் அம்பில் 16 ஓம் நிலை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் அதை ஒருபோதும் வாசிக்க வேண்டாம், வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் எரிந்துவிடக்கூடும். ட்ரான்சிஸ்டர், டி வகை (கிளாஸ் டி) அம்புகளில் குறிக்கப்பட்ட குறைந்த ஓமுக்குக் கீழே போகாமல் இருப்பதே முக்கியம். கூடினால் ஆபத்தில்லை, வலுதான் குறையும். ஒறேஞ்ச் நிறுவனத்தின் பெடல் பேபி 100 என்ற பவர் அம்ப் 8 ஓமில் 100 வாட் தருவது, 16 ஓமில் 70 வாட்தான் தருகிறது. 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அம்புக்கும் பெட்டிக்கும் இடையில் கிற்றார் கேபிளைப் போடாதீர்கள். அதன் உட்கம்பி மெல்லியது, சூடேறும். ஸ்பீக்கருக்கென்று விற்கப்படும் தடித்த கேபிளே வேண்டும்.

கேள்வி: பெரியம்மாவின் மகன் ஆடித் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வருகிறார். அங்கே பவர் அம்ப் மலிவு என்று ஒன்று கொண்டுவரவா என்று கேட்கிறார். இங்கே வேலை செய்யுமா?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: அவர் காசு கொடுப்பதற்கு முன் அம்பின் பின்புறத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். மின்கம்பி செருகும் இடத்துக்கு அருகில் '100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்' என்று இருந்தால் கவலையில்லை. பிளக் கம்பியை மட்டும் மாற்றினால் போதும். புதிய டி வகை அம்புகள் பல இப்படித்தான் வருகின்றன. திருவிழாவில் ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்கும்போதும் இந்த வகை ஓரளவு தாக்குப்பிடிக்கும். 115/230 என்று தெரிவு சுவிட்ச் இருந்தால், இங்கே செருகுவதற்கு முன் அதை 230 க்கு மாற்றி, ஃபியூஸ் அளவையும் கையேட்டின்படி சரிபார்க்க வேண்டும்.

'120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால், என்ன விலையானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இலங்கையில் நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் கடையில் கிடைக்கும். ஆனால் அது ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்டுச் சுற்றிய ட்ரான்ஸ்போமர் 50 இல் கூடுதலாகச் சூடேறும், நம்மூர் வெக்கையில் இன்னும் மோசமாக. இதைவிடப் பெரிய ஆபத்து எர்த் இணைப்பில் உள்ளது. மலிவான குறைப்பு ட்ரான்ஸ்போமர்கள் சிலவற்றில் வெளியே இரண்டு துளைகள்தான் இருக்கும், எர்த் இராது. கிற்றார் தந்திகள் அம்பின் எர்த்துடன் இணைந்தவை. அந்த எர்த் இல்லாமல் அம்பில் கசிவு ஏற்பட்டால், தந்தியில் கையும் ஒலிவாங்கியில் உதடுமாகப் பாடுபவரின் உடல் வழியாகத்தான் மின்சாரம் போகும்.

லண்டன், பாரிஸ், சுவிஸ் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் அவரிடம் கேளுங்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான். லண்டன் பொருளென்றால் மூன்று சதுரக் கால் பிளக்கும் நமது 13 அம்பியர் துளையில் அப்படியே பொருந்தும்.

கேள்வி: உள்ளூர்க் கடையில் புதிதாக வாங்கிய ஸ்பீக்கரில் இரண்டு கிழமையில் இரைச்சல் வருகிறது. கொழும்புக்கு அனுப்ப வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள்.
– கொக்குவில் வாசகர்

பதில்: முதலில் இரைச்சல் ஸ்பீக்கரில்தானா என்று உறுதிப்படுத்துங்கள். மொடலரின் கேபிளைக் கழற்றிய பின்னும் இரைந்தால் ஸ்பீக்கரில் கோளாறு. கழற்றியதும் நின்றால் கேபிளையோ மொடலரின் வெளியீட்டு அமைப்பையோ பாருங்கள். மொடலரை வலுவான 'லைன்' நிலைக்குப் பதிலாக மெலிந்த 'இன்ஸ்ட்ருமென்ட்' நிலையில் விட்டு, ஈடுகட்ட ஸ்பீக்கரின் கெயினை (உள்வரும் ஒலியைப் பெருக்கும் திருகை) முழுதாக ஏற்றினாலும் இரைச்சல் கேட்கும்.

ஸ்பீக்கரில்தான் என்றால், அதைக் கையளிக்கும் திகதியையும் தொடரிலக்கத்தையும் எழுதிக் கடைக்காரரின் ஒப்பம் பெறுங்கள். இரைச்சலை முன்கூட்டியே கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வையுங்கள். வாங்கியபோது பற்றுச்சீட்டு பெறவில்லையென்றால் இப்போது கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வணிகரின் சட்டக் கடமை. உத்தரவாதத்தில் சொன்னபடி நடக்காவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள், பற்றுச்சீட்டின் பிரதியையும் உத்தரவாத அட்டையின் பிரதியையும் சேர்த்து. கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருந்து மாதங்களைக் கடத்தாதீர்கள். கடைக்காரர் தந்த தவணை தவறிய மறுநாளே எழுதுங்கள்.