உடலை விட்டு வெளியே போனேனா, கனவு கண்டேனா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

உறங்கும் தன் உடலைத் தானே தள்ளி நின்று பார்த்ததாக ஒருவர் சொன்னால் நான் அவரை நம்புகிறேன். அதாவது, அவருக்கு அப்படித் தோன்றியது என்பதை நம்புகிறேன். அந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில்தான் எங்களுக்குள் பேச்சு தொடங்கும். ‘இது கனவு’ என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொண்டு காணும் கனவை இங்கே தெளிகனவு என்று எழுதுகிறேன். இளைஞர்கள் பலர் அதை லூசிட் ட்ரீம் என்றே சொல்கிறார்கள்.

கேள்வி: தேர்வுக்குப் படிப்பதற்காக அதிகாலை நான்கரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன், கண் சொக்கியதால் மறுபடியும் படுத்துவிட்டேன். சற்று நேரத்தில் உடம்பு முழுவதும் மின்சாரம் பாய்வதுபோல் அதிர்ந்தது, காதில் ரயில் போகும் இரைச்சல் கேட்டது. பிறகு மெல்ல மேலே எழும்பி, கூரையை ஒட்டி மிதந்தபடி, கீழே போர்வைக்குள் நான் படுத்திருப்பதைப் பார்த்தேன். கனவு மாதிரியே இல்லை. இது எந்த வகை?
– விடுதி மாணவி, திருச்சி

பதில்: ‘கனவு மாதிரியே இல்லை’ என்பதை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். காட்சி எவ்வளவு துல்லியமாக இருந்தது என்பதை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. தெளிகனவு கண்டவர்களும் சுவரின் சொரசொரப்பை விரலில் உணர்ந்ததாகச் சொல்வார்கள். பிரித்துக் காட்டுவது, அந்த நேரத்தில் உங்களுக்கு இருந்த நம்பிக்கை. தெளிகனவு காண்பவருக்குத் தன் உடல் படுக்கையில் கிடப்பதும், எதிரே தெரிவதெல்லாம் தன் மனம் கட்டியது என்பதும் தெரிந்திருக்கும். 1913இல் டச்சு மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வான் ஈடன் இந்தக் கனவுகளுக்குப் பெயர் வைத்தபோது அவர் பிடித்துக்கொண்டதும் இந்தத் தெளிவைத்தான். உடலை விட்டு வெளியேறியதாக உணர்பவரோ உண்மையான அறையை உண்மையாகவே மேலிருந்து பார்க்கிறோம் என்பதில் துளியும் ஐயமில்லாமல் இருப்பார். எழுந்து பல் துலக்கிய பிறகு வந்த யோசனையை இதில் சேர்க்கக் கூடாது. கூரையருகே மிதந்த அந்தச் சில விநாடிகளில் என்ன நினைத்தீர்கள் என்பதே கணக்கு.

அடுத்து, அது தொடங்கிய விதம். இமைக்குள் கண்மணிகள் வேகமாக அசையும் கனவுக் கட்டத்தை ரெம் உறக்கம் என்கிறோம். இரவின் பின்பகுதியில்தான் இந்தக் கட்டம் நீண்டு வரும். நான்கரைக்கு விழித்துவிட்டு மறுபடியும் படுத்தால், விழிப்பிலிருந்து நேராக ரெம் உறக்கத்துக்குள் கால் வைக்க வாய்ப்பு அதிகம். கனவில் ஓடும்போது கட்டிலில் கால்கள் ஓடிவிடாமல் இருப்பதற்காக அந்தக் கட்டத்தில் தசைகளை மூளை முடக்கி வைக்கிறது. அறிவு விழித்திருக்கும்போதே அந்த முடக்கம் வந்துவிட்டால், உடலிலிருந்து வரும் செய்தியும் மூளை எதிர்பார்க்கும் செய்தியும் ஒத்துப்போகாது. அதிர்வும் இரைச்சலும் மிதப்பும் அந்தப் பொருந்தாமையின் விளைவுகள். தெளிகனவு ஆய்வில் பேர் பெற்ற ஸ்டீபன் லபெர்ஜும் உடன் ஆய்வாளர்களும் பதினான்கு பேரின் 107 தெளிகனவுகளை ஆய்வகத்தில் அலசியபோது, அவற்றில் பத்தில் உடலை விட்டு வெளியேறும் உணர்வு இருந்தது. இடையில் விழித்து, அங்கிருந்து நேராக நுழைந்த கனவுகளோடு அந்த உணர்வு அதிகம் சேர்ந்து வந்தது. உங்கள் அலாரக் கதை அதற்கு அப்படியே பொருந்துகிறது.

ஆகவே உங்கள் அனுபவம் நம்பிக்கையால் உடல்விட்டு வெளியேறும் வகை, உடலின் நிலையால் ரெம் உறக்கத்தின் வாசற்படியில் நிகழ்ந்த கனவு என்பது என் கருத்து. மிதந்துகொண்டிருந்தபோது ‘அட, இது கனவு’ என்று ஒரு கணம் தோன்றியிருந்தால், அதே நிகழ்ச்சியைத் தெளிகனவு என்று எனக்கு எழுதியிருப்பீர்கள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்களே ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: ஜன்னல் இடப்பக்கம் தெரிந்தது. ஆனால் விடுதி அறையில் அது வலப்பக்கம் இருக்கிறது. ஊரில் உங்கள் வீட்டில்தான் இடப்பக்கம். நீங்கள் பார்த்தது விடுதி அறையை அல்ல, நினைவு கலந்து கட்டிய ஓர் அறையை.

கேள்வி: மேலிருந்து பார்த்தபோது மின்விசிறி இறக்கைகளின் மேற்புறத்தில் திட்டுத் திட்டாகத் தூசு படிந்திருந்தது. காலையில் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன், அப்படியே இருந்தது. கீழே படுத்திருப்பவனுக்கு இது எப்படித் தெரியும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, தமிழ்நாட்டில் மேற்புறத்தில் தூசு இல்லாத மின்விசிறியை எனக்குக் காட்டுங்கள். ஊகிக்க முடிந்த எதுவும் சான்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அந்தத் தூசைப் பல பொங்கல்களுக்கு முன் துடைத்த கையின் நினைவு போதும், மூளை அந்தப் படத்தை வரைந்துவிடும்.

ஆனால் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்த உங்கள் முறை சரியானது. தேர்ந்தெடுத்த பொருள்தான் சரியில்லை. மருத்துவர் சாம் பார்னியா தலைமையில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைகளில் நோயாளிகளை உயிர்ப்பிக்கும் இடங்களில் உயரமாகப் பலகைகளை அடித்து, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி படங்களை வைத்தார்கள். இதயம் நின்ற 2,060 நிகழ்வுகள் பதிவாயின. பிழைத்து, நேர்காணல் முழுவதையும் முடித்தவர்கள் 101 பேர். அவர்களில் இருவர் மட்டுமே சுற்றி நடந்ததைக் கண்டதாகவும் கேட்டதாகவும் தெளிவாகச் சொன்னார்கள். ஒருவரின் விவரிப்பு அறையில் நடந்தவற்றோடு ஒத்துப்போனது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் அவ்விருவரின் இதயமும் நின்றது பலகை இல்லாத இடங்களில். அந்தப் படங்களைப் பார்த்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதனால் கதவு அடைபட்டுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். திறந்ததற்கான சான்று இல்லை என்றே சொல்வேன்.

வீட்டிலேயே சோதிக்க விரும்பினால், நாள்காட்டியில் எந்தத் தாள் என்று பார்க்காமல் ஒன்றைக் கிழித்து, எண் தெரியும்படி அலமாரியின் உச்சியில் வேறொருவரை வைக்கச் சொல்லுங்கள். வைத்தவர் அன்றிரவு வேறு ஊரில் இருப்பது நல்லது; வீட்டில் இருந்தால் காலைக் காப்பிக்குள் சொல்லிவிடுவார்.

கேள்வி: கனவில் பறக்கிறேன், கனவு என்று தெரிந்தே பறக்கிறேன். ஆன்மா வெளியே போய்விட்டது என்கிறாள் என் மனைவி.
– வாசகர், சேலம்

பதில்: கனவு என்று தெரிந்தே பறந்தால் அது தெளிகனவு. ஒரு முறையாவது அப்படிக் கனவு கண்டவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்று கணக்கெடுப்புகள் சொல்கின்றன. அம்மையாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: உறங்குகிறவருக்கு ‘நான் கனவு காண்கிறேன்’ என்று தெரியும் என்பதை வெளியே இருப்பவர் எப்படிச் சரிபார்க்க முடியும்? எழுந்த பிறகு கதை கட்டலாமே?
– இயற்பியல் மாணவர், சென்னை

பதில்: இந்த ஐயம் அறிவியலாளர்களிடமும் நெடுநாள் இருந்தது. அதைத் தீர்த்தது ஓர் எளிய யோசனை. ரெம் உறக்கத்தில் தசைகள் முடங்கினாலும் கண்கள் முடங்குவதில்லை. எனவே கனவு காண்பவர் கனவுக்குள் திட்டமிட்டு இடமும் வலமுமாகப் பார்த்தால், இமைக்குள் அவருடைய கண்களும் அப்படியே அசையும்; கருவி அதைப் பதிவு செய்யும். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் வைத்த கருவியில், ஆலன் வொர்ஸ்லி என்பவர் உறக்கத்துக்குள்ளிருந்து முதன்முதலில் அந்தச் சைகையை அனுப்பினார். தாளில் வழக்கமான கனவுக் கிறுக்கல்கள் ஓடிக்கொண்டிருக்க, நடுவே சீரான பெரிய ஏற்ற இறக்கங்கள் வரிசையாக எழுந்தன. ஸ்டான்ஃபோர்டில் லபெர்ஜ் தனியாக இதையே செய்து 1981இல் வெளியிட்டார்.

2021இல் இது இன்னும் ஒரு படி ஏறியது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வகங்கள், உறங்குகிறவர்களிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியதாக அறிவித்தன. ‘எட்டில் ஆறு போனால்?’ என்று கேட்கப்பட்ட ஒருவர், கண்ணை இருமுறை அசைத்து இரண்டு என்றார். பெரும்பாலான முயற்சிகளில் பதிலே வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடல்விட்டு வெளியேறியதாகச் சொல்லும் அனுபவத்தை இப்படிச் சரிபார்ப்பது எளிதல்ல. அது நிகழும் நேரத்தைக் குறித்துக்கொள்வதே கடினம் என்பது ஒரு காரணம்.

கேள்வி: எனக்கு இது உறக்கத்தில் வருவதில்லை. இந்த ஆண்டில் மூன்று முறை, சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போதே, ஏதோ கருகும் நாற்றம் வந்து, என்னை நானே பின்னாலிருந்து பார்ப்பதுபோல் அரை நிமிடம் இருந்தது. அடுப்பில் ஒன்றும் இல்லை. தியானம் செய்வதால் வந்த சித்தியா?
– மென்பொருள் பணியாளர், கோவை

பதில்: இன்று வந்த கடிதங்களில் நான் தள்ளிப்போட விரும்பாதது உங்களுடையதுதான். விழித்திருக்கும்போது, இல்லாத நாற்றத்தோடு, ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப வரும் அனுபவம் வலிப்பு நோயின் ஒரு வடிவமாக இருக்கலாம். கைகால் வெட்டி இழுப்பது மட்டுமே வலிப்பு அல்ல. நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, இப்போது எழுதியதை அப்படியே சொல்லுங்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கச் சொல்வார். அதுவரை இருசக்கர வண்டியை ஓட்ட வேண்டாம். எரியும் அடுப்பருகே தனியாக நிற்பதையும் தவிருங்கள்.

நான் ஏன் மூளையைச் சந்தேகிக்கிறேன் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற நிகழ்வு உண்டு. ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கேயும் சக மருத்துவர்களும் வலிப்பு நோயுள்ள 43 வயதுப் பெண்ணின் மூளையில், வலக் காதுக்கு மேலே சற்றுப் பின்புறமாக உள்ள ஒரு மடிப்பில் சிறிய அளவு மின்சாரம் செலுத்தினார்கள். 2 முதல் 3 மில்லி ஆம்பியர் வரை, படுக்கைக்குள் அமிழ்வதுபோலவும் உயரத்திலிருந்து விழுவதுபோலவும் இருந்ததாக அவர் சொன்னார். 3.5க்கு ஏற்றியதும், தான் கட்டிலில் படுத்திருப்பதை மேலிருந்து பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் கால்களும் இடுப்பு வரையிலான பகுதியும் மட்டுமே தெரிகின்றன என்றார். இது 2002இல் வெளியானது. கண் காண்பது, தோல் உணர்வது, உட்காது காட்டும் சமநிலை ஆகிய மூன்றும் அந்த வட்டாரத்தில்தான் ஒன்று சேர்ந்து ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற உணர்வைத் தருகின்றன. அந்தச் சேர்க்கை அறுந்தால் ‘நான்’ வேறிடத்தில் போய் நிற்கும். உறக்கத்தின் வாசலில் நிகழும்போது அது பெரும்பாலும் தீங்கற்றது. நட்டநடுப் பகலில் அடுப்படியில் நிகழ்ந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். தியானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மருத்துவரைப் பார்க்காமல் தியானத்தின் தலையில் காரணத்தைப் போட வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: வெள்ளி நாண் அறுந்துவிட்டால் உடலுக்குத் திரும்ப முடியாது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். திருமூலருக்கும் அப்படித்தானே நடந்தது? யாராவது என்னைத் திடீரென்று எழுப்பிவிட்டால்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: எழுப்பினால் எழுந்துவிடுவீர்கள். திரும்ப முடியாமல் போன ஒருவரையும் மருத்துவம் கண்டதில்லை. பாதியில் விழித்தவர்கள் எல்லாரும் படுக்கையில்தான் விழித்திருக்கிறார்கள்.

‘வெள்ளிக்கயிறு’ என்ற சொல் விவிலியத்தில், பிரசங்கி 12ஆம் அதிகாரத்தில், மரணத்தைப் பாடும் பகுதியில் வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் மேலைநாட்டு மறைஞான நூல்கள் அதை எடுத்து, சூட்சும உடலைப் பருவுடலோடு கட்டும் நாணாக ஆக்கிக்கொண்டன. திருமூலர் வரலாறு முற்றிலும் வேறு. சாத்தனூரில் இறந்து கிடந்த இடையன் மூலனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதைக் கண்டு இரங்கிய சிவயோகியார், தம் உடலைப் பாதுகாப்பாக வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்து பசுக்களை ஊர் சேர்த்தார். திரும்பி வந்தபோது வைத்த இடத்தில் அவர் உடல் இல்லை. அங்கே நாண் அறுபடவில்லை, உடல் காணாமல் போனது. அதோடு அது இன்னோர் உடலுக்குள் புகுந்து செயல்பட்ட கதை. கூரையருகே மிதந்து தன்னைத் தானே பார்ப்பதற்கும் கூடுவிட்டுக் கூடு பாய்வதற்கும் பெயரளவில்கூட ஒற்றுமை குறைவு. சைவம் தரும் பொருளில் நான் தலையிடவில்லை. உங்கள் அச்சத்துக்கு அந்தக் கதையைத் துணைக்கு அழைக்க வேண்டாம் என்பதே நான் சொல்வது.

கேள்வி: 1896இல் மதுரையில் ரமணருக்கு ஏற்பட்டது இந்த இரண்டில் எது?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: இரண்டும் அல்ல. அவர் விழித்திருந்தார், மரண பயம் வந்ததும் தாமே படுத்து, உடலை விறைப்பாக்கி, மூச்சை அடக்கி, ‘இறப்பது எது’ என்று உள்ளே விசாரித்தார். மேலிருந்து உடலைக் கண்ட காட்சி எதுவும் அதில் இல்லை.

கேள்வி: நடப்பது கனவா, வெளியேற்றமா என்று அந்த நேரத்திலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? தினமும் பயிற்சி செய்யலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மூக்கை இறுக்கிப் பிடித்து, வாயையும் மூடிக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். மூச்சு தாராளமாக உள்ளே போனால் நீங்கள் கனவில் இருக்கிறீர்கள். படுக்கையில் இருக்கும் மூக்கை யாரும் பிடிக்கவில்லை. எழுத்து ஏதாவது தெரிந்தால் படித்து, பார்வையை விலக்கி, மறுபடியும் படியுங்கள். கனவில் பெரும்பாலும் அது மாறியிருக்கும். ‘நான் வெளியே மிதக்கிறேன்’ என்று உறுதியாக நம்பியிருந்தவர்கள் இதைச் செய்து பார்த்த நிமிடத்தில், அந்த அனுபவம் தெளிகனவாக மாறிவிட்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தினமும் வேண்டாம். அதிகாலையில் அலாரம் வைத்துத் தூக்கத்தை உடைக்கும் பயிற்சியை விடுமுறை நாளில் எப்போதாவது செய்தால் பெரிய கேடில்லை. வாரம் ஐந்து நாள் செய்தால் பகலில் வகுப்பில்தான் கனவு வரும். உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ இருமுனைக் கோளாறோ (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா) இருந்தால் இதை அறவே தொடாதீர்கள். நனவுக்கும் கனவுக்கும் இடையிலுள்ள வரப்பை வேண்டுமென்றே கரைப்பது அவர்களுக்கு ஆபத்து.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. உறக்கத்தில் மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குவதாகவும், கத்த முடியவில்லை என்றும் அழுகிறான். பாட்டி அமுக்குவான் பேய் என்று தாயத்து கட்டியிருக்கிறார்.
– தாய், தஞ்சாவூர்

பதில்: மேலே திருச்சி மாணவிக்குச் சொன்ன அதே தசை முடக்கம்தான் இது, அவர் மிதந்தார், உங்கள் மகன் அழுத்தப்படுகிறான். மல்லாந்து படுக்கும்போதும், தூக்கம் கெட்ட நாள்களிலும் அதிகம் வரும். தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும், பாட்டியோடு சண்டை வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைப்பேசியைப் பத்து மணிக்கு வாங்கி வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கத்த முயலாமல் கால் கட்டை விரலை மட்டும் அசைக்க முயலச் சொல்லுங்கள். பகலிலும் அடக்க முடியாமல் தூங்கி விழுகிறான் என்றாலோ, சிரிக்கும்போது முழங்கால் மடங்கி விழுகிறான் என்றாலோ, தூக்கநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.