பழைய பெட்ரோல் பங்க் இருந்த மனையை வாங்கலாமா?

கேள்வி: பங்கை மூடி டேங்கையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். மனையில் உள்ள போர் தண்ணீரைச் சோதித்ததில் எல்லாம் சரி என்று வந்தது. நம்பி வாங்கலாமா?

அந்த ரிப்போர்ட்டை வைத்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வழக்கமான தண்ணீர்ச் சோதனை உப்பு, கடினத்தன்மை, இரும்பு, கிருமி இவற்றைத்தான் பார்க்கும். பெட்ரோலைத் தேடவே தேடாது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் இவற்றைப் பெயர் சொல்லி லேபில் கேட்க வேண்டும். 2000-க்கு முன்பே ஓடிய பங்க் என்றால், அப்போது பெட்ரோலில் கலந்த ஈயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

அடுத்தது ஆழம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும். 200 அடி போர் கீழிருந்து இழுக்கும்போது மேலே மிதப்பது அதில் வராமலே போகலாம். அதனால் சாம்பிள் எடுக்கவும் நீர்மட்டம் பார்க்கவும் ஆழம் குறைந்த கண்காணிப்புக் குழாய்கள் தனியாக இறக்க வேண்டும். குழாயில் தண்ணீர் நுழையத் துளைபோட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியக் குறைந்தது மூன்று குழாய், அதுவும் ஒரே வரிசையில் இல்லாமல்.

கோடையில் நீர்மட்டத்தோடு பெட்ரோலும் இறங்கும், மழைக்காலத்தில் ஏறும். இடைப்பட்ட மண்ணெல்லாம் ஊறிவிடும். மண் சாம்பிள் அங்கிருந்துதான் வேண்டும். டேங்க் குழியில் பெரும்பாலும் வெளிமண்ணைக் கொட்டித்தான் மூடியிருப்பார்கள். அதை அள்ளிச் சோதித்தால் சுத்தமாக வராமல் என்ன செய்யும்? டேங்க் மட்டும்தான் கசியும் என்றும் இல்லை. பம்புக்குப் போன குழாய்களின் இணைப்பு, லாரியிலிருந்து இறக்கிய இடம், இங்கெல்லாம் துளை போடச் சொல்லுங்கள். 2013-ல் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்களில் எண்ணெய் வந்ததற்குக் காரணம் நிலத்தடியில் போன எரிபொருள் குழாய்.

சாம்பிள் எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். 40 மில்லி கண்ணாடிக் குப்பியைத் ததும்ப நிரப்பி, மூடி, கவிழ்த்துத் தட்ட வேண்டும். உள்ளே குமிழி ஓடினால் அது தேறாது, வேறு எடுக்க வேண்டும். அப்புறம் நேராக ஐஸ் பெட்டிக்குள். பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வெயிலில் பைக்கில் கொண்டுபோனால், தேடுகிற பொருள் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும்.

விற்பவரிடம் டேங்க் எடுத்தபோது பிடித்த போட்டோ, உரிமத்தை ஒப்படைத்த காகிதம் கேளுங்கள். சோதனைச் செலவை யார் ஏற்பது, மண் கெட்டிருந்தால் அட்வான்ஸ் திரும்ப வருமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்கு அவர் மழுப்பினால் வேறு மனை பாருங்கள்.