காவல் நாய்க்குட்டிக்கு வால் வெட்டலாமா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) அறுபது செம்மறி வைத்திருக்கிறேன். ராத்திரியில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து இதுவரை ஏழு ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டன. எங்கள் நாய் டாபர்மேன் கலப்பில் நாலு குட்டி போட்டு ஐந்து நாள் ஆகிறது. வாலில் ரப்பர் பேண்ட் போட்டால் தானாக விழுந்துவிடும், ரோசமும் வரும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். சட்டப்படி தப்பு என்கிறார்கள் சிலர். காளைக்குக் காயடிக்கிறோமே, அது தப்பில்லையா?

பதில்: ரப்பர் பேண்ட் போடாதீர்கள். போட்டிருந்தால் இப்போதே கழற்றிவிட்டு, குட்டிகளைக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

காயடிப்பதைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, விலங்கை ஊனப்படுத்துவது குற்றம் என்கிறது. அதே பிரிவிலேயே விலக்கும் உண்டு: மாட்டுக்குக் கொம்பு தீய்ப்பது, காயடிப்பது, சூட்டுக்குறி வைப்பது, மூக்கணாங்கயிறு போடுவது எல்லாம் விதிப்படி செய்தால் குற்றமில்லை. நாய் வால் அந்தப் பட்டியலில் கிடையாது. அபராதம் என்னவோ முதல் தடவை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். ஆனால் ஊனப்படுத்திய குற்றத்துக்குப் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். மூன்று வருடத்துக்குள் திரும்பச் செய்தால் 3 மாதம் வரை சிறையும் உண்டு. அடிபட்டு அழுகிய வாலை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து எடுப்பது சிகிச்சை, அது வேறு.

டாபர்மேன் உருவான ஜெர்மனியிலேயே 1998-லிருந்து வால் வெட்டத் தடை. வேட்டை நாய்க்கு மட்டும்தான் அங்கே விலக்கு.

வால் என்பது முதுகெலும்பின் தொடர்ச்சி. எலும்பும் நரம்பும் சதையும் உள்ள உறுப்பு. ரப்பர் பேண்ட் போட்டால் ரத்த ஓட்டம் நின்று, நாள்கணக்கில் வலித்து, செத்துத்தான் விழும். அதற்குள் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் ஐந்து நாள் குட்டி தாங்காது. பிழைத்தாலும், வெட்டுப்பட்ட நரம்பு முனை முடிச்சாகி, தொட்டாலே வலிக்கும் நாய்களும் உண்டு. அப்படி வலியில் சீறுவதைப் பார்த்துத்தான் ரோசம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோமோ என்று எனக்குத் தோன்றும்.

காவல் புத்தி வளர்ப்பில் வருவது. எட்டு வாரம் குட்டிகள் தாயிடம் இருக்கட்டும். அப்புறம் பட்டியை ஒட்டியே கட்டி, ஆட்டு வாசனையிலும் சத்தத்திலும் வளருங்கள். நாய்க்குட்டி ஆடுகளை விளையாட்டாகத் துரத்தினால் அப்போதே அதட்டி நிறுத்துங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடந்தோறும். குட்டிகள் வளரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே பட்டிக்கு நாலு புறமும் கம்பி வலை அடித்துவிடுங்கள். குட்டிகள் வளர்ந்த பிறகும் அது வேண்டும். தெருநாய்க் கூட்டத்தை ஒரு நாயால் மட்டும் தடுக்க முடியாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. செத்த ஆட்டின் தலையையும் குடலையும் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். அதைத் தின்பதால் நாயின் குடலில் வளரும் நாடாப்புழுவின் முட்டை நாயின் சாணம் வழியாக மேய்ச்சலில் கலந்து, ஆட்டின் மூளைக்குப் போய்த் தலைசுற்று நோயாகும். நாய்களுக்குத் தவறாமல் குடற்புழு மாத்திரை கொடுங்கள். எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.