குருவுக்கு எழுதிக் கொடுத்த வீடு: திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 72. அப்பா இறந்த ஆறாம் மாதம், தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய ஒரே வீட்டை, தனக்கு தீட்சை கொடுத்த குருவின் பெயருக்கு தான செட்டில்மென்ட் எழுதிப் பதிந்துவிட்டார். அது நடந்து 2 வருடம் 2 மாதம். இப்போது வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அம்மா அழுகிறார், ஆனால் வழக்குப் போட்டால் குருத்துரோகம் என்கிறார். மகன் நான் வழக்குப் போடலாமா?

பதில்: முடியாது. வீடு அம்மாவுடையது, அவர் இருக்கும்வரை வாதி அவர்தான். ஆகவே முதலில் அவருடைய தயக்கத்தைத் தீர்க்க வேண்டும். குரு போலி என்று நிரூபிக்கச் சொல்லி எந்தக் கோர்ட்டும் கேட்காது. அம்மாவின் பக்தியும் அங்கே விசாரணைப் பொருள் அல்ல. கையெழுத்துப் போட்ட அன்று அவர் சுயமாக யோசித்து முடிவெடுத்தாரா என்பதுதான் கேள்வி. இதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஒருவரின் மனம் தன் பிடியில் இருப்பதைப் பயன்படுத்தி அவரிடம் நியாயமற்ற ஆதாயம் பெறுவதை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தகாத செல்வாக்கு என்கிறது. குரு-சீடர் உறவு அதற்குள் வரும். முதியவர் ஒருவர் மறுமைப் பலனுக்காகச் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிய தானத்தை, மன்னு சிங் வழக்கில் 1890லேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் நிற்கவிடவில்லை. ஆனால் 'அவர் குரு' என்பது மட்டும் போதாது. அம்மாவின் மனம் அவர் பிடியில் இருந்தது, கொடுத்த தானமும் நியாயத்துக்கு ஒவ்வாதது என்று காட்டினால்தான் நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்புக்குப் போகும். இருந்த ஒரே வீட்டையும் கொடுத்தது, துக்கத்திலிருந்த காலம், பத்திரம் எழுதியவரும் சாட்சிகளும் யாருடைய ஆட்கள், தனி வக்கீலிடம் கேட்க அவகாசம் இருந்ததா என்பவையே இங்கே பேசும்.

இவற்றைத் தேதியோடு பிராதில், அதாவது வழக்கு மனுவில், எழுத வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 6 விதி 4 அதைக் கட்டாயமாக்குகிறது. பல வழக்குகள் சரிவது இங்கேதான். 'மனதை மயக்கிவிட்டார்' என்ற ஒற்றை வரி நிற்காது. கோபத்தில் 'கையெழுத்தே என்னுடையதல்ல' என்றும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று வெட்டும்.

சார்பதிவாளரிடம் போய் ஒருதலைப்பட்சமாக ரத்துப் பத்திரம் பதியலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிவில் கோர்ட்டில் பத்திரத்தை ரத்து செய்யக் கோர வேண்டும். கெடு 3 ஆண்டு. விவரம் தெரிந்த நாளிலிருந்து என்று சட்டம் சொன்னாலும், பத்திரத் தேதியிலிருந்தே எண்ணுங்கள்: பத்து மாதம்தான் இருக்கிறது. குரு வீட்டை வேறொருவருக்கு விற்றுவிடாமலும், அம்மாவை வெளியேற்றாமலும் இருக்க, வழக்கோடு சேர்த்தே இடைக்காலத் தடை கேளுங்கள்.

பத்திரத்தில் 'கடைசிவரை பராமரிப்பார்' என்ற நிபந்தனை இருந்தால், மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23ன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அது விரைவான வழி. அதனால் இந்த வாரமே பத்திர நகலும் வில்லங்கச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். அதுவரை அம்மா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், சாவியையும் கொடுக்க வேண்டாம்.