உப்பைக் குறைத்தால் உடல் எடை குறையுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நண்பர் ஒருவர் உப்பை நன்றாகக் குறைத்து ஒரே வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டாராம். உப்புக்கும் எடைக்கும் அப்படி என்ன சம்பந்தம், நாமும் செய்து பார்க்கலாமா?

நண்பர் பொய் சொல்லவில்லை. எடை மிஷினும் பொய் சொல்லவில்லை. ஆனால் இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர், கொழுப்பு இல்லை.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. எங்கள் வீட்டில் ஐந்து வருடமாகத் தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

அப்பாவுக்கு இதயம் பலவீனம். அட்டாக் வந்து வீடு திரும்பியபோது இளைத்துப்போய் 58 கிலோ இருந்தார். சில வாரம் கழித்து, பத்தே நாளில் 62 ஆனார். "கொஞ்சம் தேறிட்டார், முகத்துல சதை வச்சிருக்கு" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். பார்க்க வந்த அத்தை, சுத்திப் போடுங்கள் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அப்பா இரண்டு தலையணையை அடுக்கிக்கொண்டதையும், செருப்பு வார் இறுக்குகிறது என்று பழைய செருப்பைத் தேடி எடுத்ததையும் நாங்கள் அந்த நாலு கிலோவோடு முடிச்சுப் போடவில்லை.

செக்கப்புக்குப் போன இடத்தில் டாக்டர் அப்பாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சில நொடி கழித்து எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்தது போலப் பள்ளம் அப்படியே நின்றது. "இது சதை இல்லம்மா, தண்ணி" என்றார். அன்றைக்கே அட்மிஷன். நீர் பிரிவதற்கு ஊசி போட்டார்கள். போகிற சிறுநீரையெல்லாம் சிஸ்டர் அளந்து எழுதிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் அப்பா மறுபடி 58. நாங்கள் கொண்டாடிய நாலு கிலோ அத்தனையும் பாத்ரூமில் போயிருந்தது.

என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டபோது, "உப்பைப் பாதியாக் குறைச்சிட்டோம்" என்றார் அம்மா. உண்மைதான், சாம்பாரிலும் ரசத்திலும் பாதிதான் போட்டார். அது அப்பாவுக்கு இறங்கவில்லை. அதனால் மோர் சாதத்துக்கு நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு மோர் மிளகாய், மத்தியானம் அப்பளம். இதையெல்லாம் உப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போதாததற்குப் பக்கத்து வீட்டு மாமி "இந்துப்பு எவ்வளவு போட்டாலும் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி ஒரு பாட்டில் கொடுத்திருந்தார். இந்துப்பும் கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடுதான். நிறம் மட்டும்தான் ரோஸ்.

அந்த வார்டில் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்து கட்டிலில் தொங்கிய டிரிப்ஸ் பாட்டிலைப் படித்தேன். 0.9 சதவீத சோடியம் குளோரைடு. அதாவது ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் செல்களுக்கு வெளியே ஓடும் நீரின் உப்பளவும் ஏறக்குறைய அதுவே. அதனால்தான் அந்த அளவில் கலந்து ஏற்றுகிறார்கள். உடம்பு இந்த விகிதத்தை விட்டுக்கொடுக்காது. வெளியேறாமல் 9 கிராம் உப்பு கூடுதலாகத் தங்கினால், அதைக் கரைத்து வைக்க ஒரு லிட்டர் தண்ணீரையும் பிடித்து வைக்கும். தாகம் எடுக்கும், சிறுநீர் குறையும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உப்பு எடையைக் கூட்டும் வழி இவ்வளவுதான். உப்பில் கலோரி என்று ஒன்று கிடையவே கிடையாது.

நல்ல சிறுநீரகம் இருந்தால் இந்த மிச்சத்தைச் சில நாளில் தள்ளிவிடும். இதயம் பலவீனமானதால் அப்பாவுக்கு அந்தத் தள்ளும் வேலை சரியாக நடக்கவில்லை, எனக்கு நடக்கிறது. வித்தியாசம் அதுதான். நோட்டில் என் பக்கத்தைப் பாருங்கள். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 71.2. அன்று மத்தியானம் கல்யாண விருந்து, வத்தக்குழம்பு, ஊறுகாய், மூன்று அப்பளம். ராத்திரி புரோட்டா சால்னா. திங்கள் காலை 72.9! வியாழக்கிழமை 71.4. நடுவில் நான் எதுவும் செய்யவில்லை, வழக்கமான சாப்பாடு, வழக்கமான சோம்பல்.

ஒரு கிலோ கொழுப்பு ஏற ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும். 1.7 கிலோவுக்கு 13,000. புரோட்டா ஒன்றுக்கு 300 என்று வைத்தாலும், அந்த ஒரே நாளில் விருந்து போக நாற்பது புரோட்டாவுக்கு மேல் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். எனக்கு அந்த அளவு திறமை இல்லை. ஆகவே அது உப்பும் தண்ணீரும், வயிற்றில் இருந்த சாப்பாடும், கொஞ்சம் மாவுச்சத்தும். உடம்பு மாவுச்சத்தைச் சேமிக்கும்போது கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூடவே சேமிக்கிறது. "ஏழே நாளில் மூன்று கிலோ" என்று விளம்பரம் செய்கிறவர்கள் உப்பையும் சோற்றையும் சேர்த்து நிறுத்தச் சொல்வதன் சூட்சுமம் இதுதான். முதல் வாரம் மிஷின் குஷிப்படுத்தும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் அவ்வளவும் வட்டியில்லாமல் திரும்பி வரும்.

நானும் உப்பைக் குறைத்துப் பார்த்தேன். முதல் வாரத்தில் 900 கிராம் இறங்கியது. அதற்கடுத்த மூன்று வாரமும் அதே இடத்தில் நின்றது. உடம்பு புதிய அளவுக்குச் சமநிலை கண்டுவிட்டால் அதற்கு மேல் இறங்க அங்கே எதுவும் இல்லை.

அப்படியானால் உப்புக்கும் கொழுப்புக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2015ல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், தினசரி உப்பு ஒரு கிராம் கூடினால் உடற்பருமனுக்கான வாய்ப்பு குழந்தைகளிடம் 28 சதவீதமும் பெரியவர்களிடம் 26 சதவீதமும் அதிகமாக இருந்தது. கலோரியைக் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு போகவில்லை என்றார்கள். இது தொடர்புதான், காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. உப்பு அதிகம் சாப்பிடுகிறவர் சிப்ஸும் பர்கரும் அதிகம் சாப்பிடுகிறவராக இருப்பார், உண்டதை எழுதிக்கொடுப்பதில் யாரும் அரிச்சந்திரனும் இல்லை. எனக்கு இதைவிட நம்பிக்கை தந்தது 2016ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனை. 48 பேருக்கு மத்தியானச் சாப்பாட்டில் மக்ரோனி கொடுத்தார்கள். உப்பும் கொழுப்பும் கூட்டியும் குறைத்தும் நான்கு விதம். உப்பு கூடின தட்டில், கொழுப்பு குறைவோ அதிகமோ, சுமார் 11 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நம் வீட்டில் ஊறுகாய் பாட்டில் திறந்த அன்று மோர் சாதம் இன்னொரு கை போவது போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. செவ்வாய்க்கிரகப் பயணத்துக்கு ஒத்திகையாக மாஸ்கோவில் சிலரை மாதக்கணக்கில் அடைத்து வைத்து, தினசரி உப்பை 12, 9, 6 கிராம் என்று மாற்றிப் பார்த்தார்கள். 2017ல் முடிவு வந்தது. உப்பு கூடினபோது அவர்கள் நாளடைவில் அதிகமாக அல்ல, குறைவாகவே தண்ணீர் குடித்திருக்கிறார்கள். சிறுநீரகம் தண்ணீரைச் சேமித்துக்கொண்டது. ஆனால் பசிக்கிறது என்று அவர்கள் முறையிட்டார்களாம். அளந்து போட்ட சாப்பாடு என்பதால் அங்கே வழியில்லை. என் ஆபீஸ் டிராயரில் மிக்சர் இருந்தது.

நிஜமாகவே என் எடை இறங்க ஆரம்பித்தது அந்த மிக்சரை நிறுத்திய பிறகுதான். நாக்கு உப்புக் குறைவுக்குப் பழக எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முதல் நாலு நாள் எதைத் தின்றாலும் ஆஸ்பத்திரி சாப்பாடு போல இருந்தது. அப்புறம் ஒருநாள் கடை மிக்சரை வாயில் போட்டால் கரித்தது. இரண்டாவது கை எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் 3 கிலோ போனது. மெதுவாகத்தான், ஆனால் திரும்பி வரவில்லை.

நீங்கள் குறைப்பதானால் முதலில் வீட்டு உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். நாலு பேருக்கு ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 28 நாளில் தீர்ந்துகொண்டிருந்தது, அதாவது ஆளுக்கு ஏறக்குறைய 9 கிராம். அப்பளம், ஊறுகாய், கடைச் சாப்பாடு தனி. பாக்கெட் தின்பண்டத்தில் சோடியம் என்று போட்டிருப்பதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

எடை இறங்க வேண்டும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், உப்பை அறவே விட்டுவிடவும் செய்யாதீர்கள். வயதானவர்கள், அதிலும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சோடியம் ரொம்ப இறங்கினால் மயக்கம், குழப்பம் வரை போகும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிபி மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, எடையும் ஏறினால் அது டயட் விஷயமே இல்லை. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே போன் பண்ணுங்கள் என்பது அப்பாவுக்கு டாக்டர் போட்ட உத்தரவு. காலையில் டாய்லெட் போய்விட்டு, காபிக்கு முன்னால், அதே மிஷினில்.

இன்று காலை அப்பா 58.9, நேற்று 58.4. பக்கத்தில் அம்மா பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்: "நேத்து அரை அப்பளம்." மீதி அரையை யார் சாப்பிட்டது என்று என் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.