சொல்லிவிட்டுப் போனவனும் 'அப்ஸ்கொண்ட்' ஆனவனா?

ஐயா, வணக்கம். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களோடு இருந்த ஒரு தம்பி, அம்மாவுக்குக் கடுமை என்று கேள்விப்பட்டு இரவோடிரவாக யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிவிட்டான். லீவு எழுதிக் கொடுக்கவில்லை; அடுத்த நாள் காலை மேலாளருக்கு வட்ஸ்அப்பில் சொன்னான். இப்போது அவனுக்கு வந்திருக்கும் கடிதத்தில் அவன் 'அப்ஸ்கொண்ட்' ஆகிவிட்டதாக இருக்கிறது. காசை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்குத்தானே அந்தச் சொல்?
– வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள வாசகருக்கு,

காசு எடுத்திருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஒளிப்பு இருக்கவேண்டும். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு ஒளித்து வைப்பது என்றே பொருள். வழக்கோ கடனோ கணக்கோ, முகம் கொடுக்கவேண்டிய ஒன்று இருந்து, அதற்குத் தப்ப ஆள் மறைந்தால்தான் இந்த வினை பொருந்தும். சீட்டுக்காசைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டியவருக்கும் சரி, பிணையில் வந்தபின் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் தலைகாட்டாதவருக்கும் சரி. பின்னவரைத்தான் நம் பத்திரிகைகள் 'தலைமறைவு' என்கின்றன. அப்படிப்பட்ட எதிரி இல்லாமலே விளக்கத்தை நடத்த 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இடம் கொடுக்கிறது.

இங்கிலாந்துச் சிறைக் கணக்குகளில் இந்த வேறுபாடு இன்னும் துல்லியம். பூட்டையோ மதிலையோ தாண்டிப் போனால் 'எஸ்கேப்'. திறந்த சிறையிலிருந்து, எந்தத் தடையும் மறிக்காமல் நடந்தே போய்விட்டால் 'அப்ஸ்கொண்ட்'. தேனீ வளர்ப்பவர்களிடமும் இந்தச் சொல் உண்டு. எறும்புத் தொல்லையாலோ பூப் பஞ்சத்தாலோ முழுக்கூட்டமும் பெட்டியைக் காலியாக்கிவிட்டுப் போனால் அப்படித்தான் சொல்வார்கள். நம் நாட்டுத் தேனீ இதில் கெட்டிக்காரி. பாவம், அதற்குக் கடனும் இல்லை, வழக்கும் இல்லை!

இலக்கணம் சுருக்கமாக: இது செயப்படுபொருள் கேளாத வினை. 'காசோடு' என்றால் 'வித்', 'காவலிலிருந்து' என்றால் 'ஃப்ரொம்' வேண்டும். 'காசை அப்ஸ்கொண்ட் பண்ணினான்' என்று எழுதினால் பிழை.

சரி, உங்கள் தம்பியின் விஷயம். எங்கே போனான், ஏன் போனான் என்று அவனே எழுதிச் சொல்லியிருக்கிறான். இதில் ஒளிப்பு எங்கே? லீவு அனுமதி வாங்காதது தவறுதான், அதை அப்படியே எழுதியிருக்கலாம். வேலையைக் கைவிட்டுப் போனதாகக் கருதுவதற்கும்கூட, வராமல் இருந்தது மட்டும் போதாது, திரும்பி வராத எண்ணமும் இருந்திருக்கவேண்டும் என்றே நம் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. தெற்காசிய அலுவலகங்களில் இந்தச் சொல்லை மூன்று நாள் வராதவர் மேலெல்லாம் ஒட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, கள்ளப்பட்டம் கட்டுகிற வேலை அது.

அந்த வட்ஸ்அப் செய்தியை அழிக்கவேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியின் பிரதியையும் சேர்த்து, வேலைக்குத் திரும்பும் திகதியைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் பதில் அனுப்பட்டும். அப்புறம், தொழில் திணைக்களம் நாரஹேன்பிட்டியில்தான் இருக்கிறது, வெள்ளவத்தையிலிருந்து தூரமில்லை.